மலைப்பாதையில் ஒரு பௌதிகப் பாடம்

நாவலப்பிட்டியிலிருந்து ஹற்றனை நோக்கி ஏறும் புகையிரதப் பாதையில், வட்டவளையைக் கடந்ததும் வருவது றொசல்ல என்னும் சிறு நிலையம். ஒரு பக்கம் தேயிலை மலை. மறு பக்கம் பள்ளம். இடையே வளைந்து வளைந்து செல்லும் இரு தண்டவாளங்கள். 1874ஆம் ஆண்டில் நாவலப்பிட்டியை எட்டிய இருப்புப் பாதை, பத்து ஆண்டுகள் கழித்து, 1884ஆம் ஆண்டிலேயே ஹற்றனை வந்தடைந்தது. இவ்விரு நகரங்களுக்கும் இடையிலுள்ள பாதையின் நீளம் ஏறத்தாழ 34 கிலோமீற்றர். ஏறவேண்டிய உயரமோ இரண்டாயிரம் அடிக்கு மேற்பட்டது. தோட்டத்து விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென அமைந்த இப்பாதை, அதனருகே வளரும் பிள்ளைகளுக்கு வேறொன்றையும் தரவல்லது. பௌதிக நூலின் முதல் அத்தியாயமாகிய இயக்கம் என்பதே அது.

சீரான இயக்கம் யாது என்று வகுப்பில் வினவினால், சம நேரங்களில் சம தூரங்களைக் கடப்பது என்று மாணவர் தயங்காது ஒப்புவிப்பர். சீரற்ற இயக்கம் யாது என்றால், அவ்வாறு கடவாதது என்பர். விடை சரியே, புள்ளியும் கிடைத்துவிடும். ஆயினும், அதே மாணவரிடம், றொசல்லயைக் கடந்து ஏறும் புகையிரதத்தின் இயக்கம் சீரானதா, சீரற்றதா என்று கேட்டால் வகுப்பில் அமைதி நிலவும். நூலில் உள்ள இயக்கம் வேறு, மலையில் உள்ள இயக்கம் வேறு என்று பிள்ளை உள்ளம் எண்ணிக்கொள்கிறது. இவ்விரண்டும் ஒன்றென்று உணர்த்துவதே ஆசிரியரின் கடமை.

அதற்கு முதலில் வரைவிலக்கணத்தையே சற்றுக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இத்தாலிய நாட்டு அறிஞர் கலிலியோ, 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், சீரான இயக்கத்துக்கு முன்னோர் கூறிவந்த விளக்கத்துடன் ஒரு சொல்லைச் சேர்த்தார். சம நேரங்களில் சம தூரம் என்பது போதாது. எந்தச் சம நேரங்களை எடுத்துக்கொண்டாலும் சம தூரம் என்றிருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. ‘எந்த’ என்னும் இச்சிறு சொல்லிலேதான் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு மணித்தியாலம் ஒப்பிட்டாலும், நிமிடத்துக்கு நிமிடம் ஒப்பிட்டாலும், செக்கனுக்குச் செக்கன் ஒப்பிட்டாலும் தூரங்கள் சமமாக இருந்தாலன்றி அவ்வியக்கத்தைச் சீரானது எனல் பொருந்தாது.

இதனைப் புகையிரதத்தைக் கொண்டே விளக்கலாம். நாவலப்பிட்டியிலிருந்து ஹற்றனுக்குச் செல்ல ஒரு புகையிரதம் 85 நிமிடம் எடுத்ததாகக் கொள்க. 34 கிலோமீற்றரை அந்நேரத்தால் வகுத்தால், மணிக்கு 24 கிலோமீற்றர் என்னும் விடை வரும். இதுவே சராசரிக் கதி. பயணிக்கு இவ்வெண் போதும். எப்போது வீடு சேரலாம் என்று அவர் அறிந்துகொள்வார். ஆனால் வழியில் நடந்தவற்றுள் ஒன்றையும் இவ்வெண் கூறுவதில்லை. வண்டி எத்தனை நிலையங்களில் நின்றது, எவ்வளவு நேரம் எதிர்வண்டிக்காகக் காத்திருந்தது, எந்த வளைவில் தளர்ந்தது என்பனவெல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் மறைந்துவிடுகின்றன. இரண்டு வண்டிகளின் சராசரிக் கதி ஒன்றாக இருக்கலாம். அவற்றின் இயக்கங்கள் ஒன்றுக்கொன்று எவ்வித ஒப்புமையும் இல்லாதனவாக இருக்கலாம்.

மறைந்தவற்றை வெளிக்கொணர விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. புகையிரதத்தில் அமர்ந்திருப்போர் காதில் ‘டக், டக்’ என்ற ஓசை விழுவதுண்டு. தண்டவாளத் துண்டுகள் பொருந்தும் இடங்களைச் சில்லுகள் கடக்கும்போது எழும் ஓசை அது. துண்டுகள் சம நீளமுடையனவாயின், ஓசைக்கும் ஓசைக்கும் இடையே வண்டி கடக்கும் தூரமும் சமமாகும். தண்டவாளங்களைப் பற்றவைத்து ஒன்றாக்கிய இடங்களில் இவ்வோசை கேளாது. பொருத்துக்கள் உள்ள இடங்களில் இது இயற்கையாகக் கிடைத்த அளவுகோலாகும். பெட்டிக்குள் அமர்ந்தவாறே ஒரு பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்துச் செக்கனுக்கு ஒருமுறை அறிவிக்க, மற்றப் பிள்ளை ஓசைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். மிதிபலகையில் நிற்பதோ, தண்டவாளத்தில் இறங்கி அளப்பதோ கூடாது என்பதை ஆசிரியர் முன்னரே கண்டிப்பாகக் கூறிவிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நிலையத்தை விட்டுப் புறப்பட்ட வண்டி சிறிது தூரம் சென்று சைகைக் கம்பத்தருகே நிற்கப்போகிறது என்க. அடுத்தடுத்த ஒன்பது பத்துச் செக்கன்களில் எண்ணிய ஓசைகள் முறையே 2, 4, 6, 7, 7, 7, 7, 4, 1 என்று வந்தன எனக் கொள்வோர், மூன்று வகையான இயக்கத்தை ஒரே வரிசையிற் காண்பர். முதல் முப்பது செக்கனில் எண்கள் ஏறுகின்றன, அது ஆர்முடுகல். இடையில் நாற்பது செக்கனுக்கு எண் மாறவில்லை. அவ்விடைவெளியில் இயக்கம் சீரானது. இறுதியில் எண்கள் இறங்குகின்றன, அது அமர்முடுகல். மொத்த ஓசைகள் 45; மொத்த நேரம் 90 செக்கன்; ஆகவே சராசரி பத்துச் செக்கனுக்கு 5 ஓசை. வரிசையை மீண்டும் பார்த்தால் வியப்பான ஓர் உண்மை புலப்படும். அந்த ஒன்பது எண்களுள் 5 என்னும் எண் ஓரிடத்திலும் இல்லை. அதாவது, சராசரிக் கதி எனப்பட்ட அக்கதியில் அவ்வண்டி எந்தப் பத்துச் செக்கனிலும் செல்லவில்லை.

இங்கே கூர்மையான ஒரு மாணவர் தடை எழுப்பலாம். நடுவில் நான்கு முறை 7 வந்ததைக் கொண்டு இயக்கம் சீரானது என்று துணிந்து கூறலாமா என்று அவர் கேட்கலாம். அது நல்ல கேள்வி. பத்துச் செக்கனுக்குள்ளே வண்டி சற்று விரைந்து பின் சற்றுத் தளர்ந்திருக்கலாம். எண்ணுவதில் ஓர் ஓசை கூடியோ குறைந்தோ இருக்கலாம். ஆகவே, இவ்வளவையின் நுட்பத்துக்கு உட்பட்டு இயக்கம் சீரானதாகத் தோன்றுகிறது என்பதே நேர்மையான விடை. இடைவெளியைச் சுருக்கச் சுருக்க உண்மை தெளிவாகும். இடைவெளியை எண்ணியும் பாராத அளவுக்குச் சுருக்கினால் கிடைப்பதே கணநிலைக் கதி. பின்னாளில் நுண்கணிதம் கற்கப்போகும் மாணவர் ஒருவர் அதன் வாயிலில் முதன்முறையாகக் கால்வைப்பது இவ்விடத்திலேதான்.

இவ்வெண்களை வரைபாக்கினால் விளக்கம் இன்னும் எளிதாகும். ஓசைகளைக் கூட்டிச் சென்றால் 2, 6, 12, 19, 26, 33, 40, 44, 45 என்று வரும். கிடை அச்சில் நேரத்தையும் நிலைக்குத்து அச்சில் இத்தொகைகளையும் குறித்துப் புள்ளிகளை இணைத்தால், தொடக்கத்தில் மேல்நோக்கி வளையும் கோடு, நடுவில் நேர்கோடு, முடிவில் தட்டையாகும் கோடு ஆகியன தோன்றும். நேர்கோடு சீரான இயக்கத்தின் அடையாளம். அதன் படித்திறனே கதி. பதினான்காம் நூற்றாண்டில் பரிசு நகரத்து அறிஞர் ஒரேம், மாறும் கதியை வரைகோட்டு உருவமாகக் காட்டலாம் என்று கண்டார். கண்ணுக்குத் தெரியாத கதியைக் கண்ணால் காணச்செய்த அவ்வழி, இன்றும் வகுப்பறையின் மிகச் சிறந்த துணை.

இனி, கதி வேறு, வேகம் வேறு என்னும் நுட்பத்துக்கு வருவோர் பலர் இடறுவர். கதி என்பது எவ்வளவு விரைவு என்பதை மட்டும் கூறும். வேகம் என்பது எத்திசையில் எவ்வளவு விரைவு என்பதைக் கூறும். றொசல்லப் பகுதியின் பாதை வளைவுகள் நிறைந்தது. அங்கே வண்டியின் கதிமானி அசையாது ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருப்பினும், வளைவிலே வண்டியின் திசை கணந்தோறும் மாறுகிறது. ஆகவே கதி சீரானது, வேகம் சீரற்றது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் பொறியைக் கண்ட பிள்ளைக்கு இது கடினமன்று. அப்பொறி ஒரே தாளத்தில் வட்டமிடுகிறது; ஆயினும் அதன் ஒவ்வொரு பகுதியும் இக்கணம் கிழக்கு நோக்கின், அடுத்த கணம் வடக்கு நோக்கித் திரும்புகிறது. சீரான வேகம் வேண்டுமாயின் நேர்கோடும் வேண்டும். மலைப்பாதையில் அது சிறிது தூரமே கிடைக்கும்.

சீரான இயக்கம் இவ்வளவு அரிதாயின் அதனை ஏன் கற்க வேண்டும் என்னும் வினா எழலாம். இயற்கையில் முழுமையான நேர்கோடும் அரிது. ஆயினும் அடிமட்டம் இன்றித் தச்சர் ஒருவர் வளைந்த பலகையை வளைந்தது என்று நிறுவ இயலாது. அதுபோலச் சீரான இயக்கம் ஓர் அளவுகோல். அதனோடு ஒப்பிட்டே மற்ற இயக்கங்கள் யாவும் அறியப்படுகின்றன. அன்றியும், 1687ஆம் ஆண்டில் நியூற்றன் வெளியிட்ட முதலாம் விதியின்படி, சீரான வேகத்தில் செல்லும் பொருளின்மீது தாக்கும் விசைகள் ஒன்றையொன்று சமன்செய்து நிற்கின்றன. மாற்றம் நிகழும் இடத்திலேதான் சமப்படாத விசை உண்டு.

மலையேறும் புகையிரதம் இவ்விதிக்கும் நல்ல சான்று. மலையகப் பாதையின் செங்குத்தான பகுதிகளில் ஏற்றம் 44க்கு 1 என்பர். அதாவது 44 அடி முன்னே செல்ல 1 அடி உயரும். 300 தொன் நிறையுள்ள வண்டி அவ்வேற்றத்தில் நிற்குமாயின், புவியீர்ப்பு அதனைப் பின்னோக்கி இழுக்கும் விசை 300இன் 44இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 6.8 தொன் நிறைக்குச் சமமானது. இதனுடன் உராய்வும் வளைவின் தடையும் சேரும். இயந்திரத்தின் இழுவை இவற்றின் தொகைக்குச் சமமாகும்போது வண்டி சீரான கதியில் ஏறும். இழுவை மிகுந்தால்தான் வண்டி மேலே செல்லும், சமமாயின் நின்றுவிடும் என்று எண்ணும் மாணவர் பலர். இழுவை மிகுந்தால் கதி கூடும். சமமாயின் உள்ள கதி மாறாதிருக்கும். குறைந்தால் கதி குன்றும். ஓட்டத்தைத் தொடர்வதற்கன்று, ஓட்டத்தை மாற்றுவதற்கே மிகுதி விசை வேண்டும் என்பது பழைய கிரேக்க அறிஞரும் காணாத உண்மை.

இதுவரை கூறியது பரீட்சைக்குப் பயன்படும். இனிக் கூறுவது உயிருக்குப் பயன்படுவது. மலைநாட்டில் ஓடுவன புகையிரதங்கள் மட்டுமல்ல. சில வேளைகளில் மலையே நகர்கிறது. வட்டவளைப் பகுதி இலங்கையிலே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. 1990களில் அங்கே சரிவு ஒன்று நகர்ந்து புகையிரதப் பாதையைத் தாக்கியது. நிலத்தினுள் தேங்கிய நீரை வடித்துவிடுவது அதற்குரிய பரிகாரமாகக் கைக்கொள்ளப்பட்டது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தையைச் சேர்ந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களின்மீது மலை சரிந்து வீழ்ந்து குடும்பங்களைப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த மழையில் மலைநாடெங்கும் மண் சரிந்தது. மலையகப் புகையிரதப் பாதையும் பல இடங்களிற் சிதைந்து சேவை தடைப்பட்டது.

சில சரிவுகள் ஒரு கணத்தில் வீழ்வனபோலத் தோன்றினும், வீழ்வதற்கு முன் நாட்கணக்காக, சிலபோது மாதக்கணக்காக, மெல்ல ஊர்ந்திருக்கும். அவ்வூர்தல் சீரானதா, சீரற்றதா என்பதே கேள்வி. இரண்டு மலைச்சரிவுகளில் நிலம் வெடித்திருக்கிறது எனக் கொள்க. மூன்று வாரங்களில் இரண்டு வெடிப்புக்களும் 12 மில்லிமீற்றர் அகன்றன. சராசரி இரண்டிலும் வாரத்துக்கு 4 மில்லிமீற்றர். அம்மட்டோடு நிற்பவர் இரண்டும் ஒன்றே என்பர். வாரவாரியாகக் குறித்தவரோ, முதற்சரிவில் 4, 4, 4 என்றும், இரண்டாவதில் 1, 3, 8 என்றும் காண்பர். முதலாவது ஊர்கிறது, இரண்டாவது விரைகிறது. விரையும் சரிவு வீழ்ச்சியை நோக்கிச் செல்வதாகக் கொள்ளத்தக்கது. யப்பானியப் புகையிரத ஆராய்ச்சியாளர் சைற்றோ, ஊர்தலின் கதியைக் கொண்டு சரிவு வீழும் நேரத்தை மதிப்பிடலாம் என்னும் முறையை 1965ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் கையாண்டதும் தரம் பத்து மாணவர் கற்கும் அதே தூரமும் நேரமுமே.

மழைக்கும் இது பொருந்தும். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்றும், 100 மில்லிமீற்றரில் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும் என்றும், 150 மில்லிமீற்றரில் அபாயமான இடத்தை விட்டு அகலுதல் வேண்டும் என்றும் வரையறுத்துள்ளது. அதே 75 மில்லிமீற்றர் ஒரே மணித்தியாலத்தில் பெய்துவிடுமாயின், அப்போதே வெளியேறுதல் வேண்டும். அளவு ஒன்றே, இடைவெளி வேறு, பொருளும் வேறு. சராசரியில் மறைவது உயிராகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வெடிப்பைக் கண்ட பிள்ளை அதனை அளந்துகொண்டு அங்கேயே இருத்தல் தகாது. புதிதாய் நிலம் வெடித்தல், நேராய் நின்ற மரமும் கம்பமும் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்கல் அல்லது வற்றிப்போதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பெரியோருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவித்து அகல்வதே முறை. அளத்தல் அதிகாரிகளின் பணி. அவ்வளவையின் பொருளை அறிந்து, அகலுக என்று சொன்னபோது தயங்காது அகலுதல் குடிமக்களின் பணி. மழை விட்டுவிட்டதே, நேற்றுவரை ஒன்றும் நேரவில்லையே என்று தாய் தந்தையர் தயங்கும்போது, நேற்றைய கதி இன்றைய கதியாகாது என்று எடுத்துரைக்கும் பிள்ளை ஒன்று வீட்டில் இருத்தல் பெரும் பேறு.

இக்கல்வியைப் பெறும் வாய்ப்பு மலையகப் பிள்ளைகளுக்கு எளிதாக வந்ததன்று. தோட்டப் பாடசாலைகள் நீண்ட காலம் தோட்ட நிருவாகங்களின் பொறுப்பிலே இருந்தன. எழுத்தும் எண்ணும் கற்பித்து ஐந்தாம் வகுப்போடு நின்றவை பல. 1970களிலேதான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஒரு தலைமுறைக்குக் கிட்டாத விஞ்ஞானப் பாடம் அடுத்த தலைமுறையின் கைக்கு வந்திருக்கிறது. அதனை வெறும் மனனமாக்கிவிடுவது, நெடுநாட் காத்திருந்து பெற்ற பொருளைப் பெட்டியிற் பூட்டிவைப்பதற்கு ஒப்பாகும்.

ஆய்வுகூடம் இல்லை என்று தயங்கும் ஆசிரியர்க்குக் கலிலியோவே வழிகாட்டி. அவரிடம் நிறுத்தற் கடிகாரம் இருக்கவில்லை. சாய்த்த மரத்தின் தவாளிப்பில் வெண்கலக் குண்டை உருளவிட்டு, ஒழுகிய நீரை நிறுத்து நேரத்தைக் கண்டார். அம்முறையை இரண்டு மீற்றர் நீளமான மூங்கிற் பிளவு, ஒரு போளை, அடியில் ஊசித்துளையிட்ட தகரப் பேணி ஆகியவற்றைக் கொண்டு எந்தப் பாடசாலையிலும் செய்யலாம். பேணியில் நீர் ஊற்றி, ஏறத்தாழ செக்கனுக்கு ஒரு துளி விழுமாறு செய்தல் வேண்டும். மூங்கிலின் ஒரு முனையை நாலு விரல் அளவு உயர்த்தி, மேல் முனையிலிருந்து 12, 48, 108, 192 சென்ரிமீற்றர் தூரங்களில் கரிக்கோடு இடவேண்டும். ஒரு துளி விழும் கணத்தில் போளையை விட்டால், சாய்வைச் சற்றுக் கூட்டிக் குறைத்துப் பொருத்தியபின், அடுத்தடுத்த துளிகளின்போது போளை அடுத்தடுத்த கோடுகளைக் கடக்கும். கோடுகளுக்கு இடைப்பட்ட தூரங்கள் 12, 36, 60, 84. அதாவது 1, 3, 5, 7 என்னும் விகிதம். சீரற்ற இயக்கத்திலும் இத்துணை அழகான சீர் ஒன்று ஒளிந்திருப்பதைத் தன் கையாலே கண்ட பிள்ளை, சீரான ஆர்முடுகல் என்னும் சொல்லைப் பின்னர் மறவாது.

இயக்கத்தைக் கற்பிப்போர் வரைவிலக்கணத்தை இறுதியில் வைத்து, எண்ணுதலையும் அளத்தலையும் முன்னே வைப்பாராக. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பதோடு நில்லாது, முந்திய இடைவெளியில் எவ்வளவு, பிந்திய இடைவெளியில் எவ்வளவு என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவாராக. அந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கற்ற மாணவர் பரீட்சை மண்டபத்திலும் தடுமாறமாட்டார். மழைக்கால இரவில், மலையடிவாரத்து வீட்டிலும் தடுமாறமாட்டார்.